பச்சை உப்பு

செப்டம்பர் 4, புதன்

இன்று செண்பகவல்லியின் மேசையைச் சுத்தம் செய்தேன். அவள் அப்பாவும் அம்மாவும் மதியம் கோவில்பட்டியிலிருந்து வருகிறார்கள், அதற்குள் பார்க்கிற மாதிரி ஆக்கிவிடுங்கள் என்று சார் காலையிலேயே சொல்லிவிட்டார். அவள் உயிரோடு இருந்தவரை அந்த மேசை ஒரு நாளும் பார்க்கிற மாதிரி இருந்ததில்லை. பீக்கருக்குள் தலைமுடி ரப்பர், தராசுக்குப் பக்கத்தில் கடலைமிட்டாய் உறை, பிப்பெட் ஸ்டாண்டில் காயப்போட்ட கைக்குட்டை. நான் திட்டும்போதெல்லாம், "உன்னக் கட்டிக் குடுக்கிற வீட்ல மாமியா பாவம்டி" என்பாள். ஒரே ஆய்வகத்தில், ஒரே சாரிடம், ஒரே நாளில் பிஎச்.டி.க்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். ஹாஸ்டலிலும் ஒரே அறை. போன மாதம் டெங்கு வந்து ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை அவள். மேசை துடைக்க நான் மிச்சம்.

அவளுடைய பழுப்பு பாட்டிலில் பச்சை உப்புக் கரைசல் பாதிக்கு மேல் இருந்தது. ஊருக்கெல்லாம் அது ஃபெரஸ் குளோரைடு, எங்களுக்குப் பச்சை உப்பு. பாட்டிலின் அடியில் ஒரு ஆணி கிடந்தது. அரித்து மெலிந்து, தலை மட்டும் பெரிதாக. இவள் கையிலிருந்து எது எதற்குள் விழும் என்று சொல்லவே முடியாது. இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்டேன். பாட்டிலைத் துடைத்து, புது லேபிள் எழுதி ஒட்டினேன். பக்கத்திலிருந்த அம்மோனியா பாட்டிலின் மூடியை ஒழுங்காகத் திருகாமல் வைத்திருக்கிறாள். கண்ணெல்லாம் எரிந்து கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை.

மதியம் வந்தார்கள். அப்பாவின் பெயர் சுப்புராஜ், கோவில்பட்டி பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். சட்டைப் பையில் டேப் அளவுகோல் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை, இன்றும் இருந்தது. அம்மா அவள் ஸ்டூலில் உட்கார்ந்து மேசையைத் தடவிக்கொண்டே இருந்தார். "இதுலயா தாயி நாள் பூரா உக்காந்திருப்பா? சாஞ்சுக்கிடக்கூட ஒண்ணுமில்லையே" என்றார்.

அப்பா சாரிடம் கேட்டார். "பொங்கலுக்குள்ள டாக்டராயிருவேன்னு சொல்லிட்டே இருந்தா சார். இனி அது ஆகாதுல்ல?"

"ஆகும்" என்றார் சார். "அவ எழுதின கட்டுரை ஜர்னலுக்குப் போயிருக்கு. அது வெளிவந்தாத்தான் இங்க தீசிஸ் வாங்குவாங்க. வந்துட்டா மிச்சத்த நான் பாத்துக்கிறேன். இறந்தவங்களுக்கும் பட்டம் குடுப்பாங்க."

அம்மா அப்போதுதான் நிமிர்ந்தார். "அவளத் தோட்டத்துலதான் அடக்கி வச்சிருக்கோம். கல்லு வாங்கிப் போட்டாச்சு. பேரு வெட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். டாக்டர்னு போட்டுத்தான் வெட்டணும்."

சார் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

செப்டம்பர் 5, வியாழன்

அவள் கட்டிலுக்குப் புது ஆள் போடப்போவதாக வார்டன் சொன்னார். இந்த வருடம் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். என்ன உரிமையில் சொல்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. அவள் பக்கச் சுவரில் காலண்டர், குலசாமி படம், நாங்கள் இருவரும் கழுகுமலையில் எடுத்த போட்டோ எல்லாம் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. சுவரில் ஆணி அடித்தால் அபராதம் என்று மாடிப்படியிலேயே எழுதிப்போட்டிருக்கிற ஹாஸ்டல் இது. டேப் பிய்ந்து காலண்டர் தொங்குகிறது. அப்படியே இருக்கட்டும்.

செப்டம்பர் 16, திங்கள்

ஜர்னலிலிருந்து பதில் வந்துவிட்டது. மதிப்பிட்டவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குத் திருப்தி. இன்னொருவர் எழுதியிருப்பதன் சாரம் இது: நைட்ரஜன் வாயு இல்லாமல், திறந்த மேசையில், இவ்வளவு சின்ன, இவ்வளவு காந்தம் உள்ள துகள்கள் வந்தன என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது, புதிதாக ஒரு முறை செய்து, அளவுகளை நவம்பர் 15க்குள் அனுப்பவும்.

செய்தவள் மண்ணுக்குள் இருக்கிறாள் என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்.

சார் கூப்பிட்டார். "நீங்கதான் செய்யணும் ஜெசிந்தா. வரலன்னா கட்டுரைய வாபஸ் வாங்கணும். வாபஸ் வாங்கினா தீசிஸ் இல்ல." கல் இல்லை என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அதுதான் கேட்டது.

சாயங்காலம் தூத்துக்குடியிலிருந்து எங்கள் அம்மா போன். அப்படி என்னதான் அங்கே செய்கிறீர்கள் என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் இப்போதுதான் கேட்கிறாள். சொன்னேன். இரும்பின் உப்பு இரண்டு வகை. ஒன்று மஞ்சள், ஒன்று வெளிர்பச்சை. மஞ்சள் இரண்டு பங்கு, பச்சை ஒரு பங்கு, தண்ணீரில் கரைத்துச் சூடாக்கிக் கலக்கிக்கொண்டே அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கண்ணெதிரே கறுத்துவிடும். அந்தக் கறுப்பு முழுக்கப் பொடிப்பொடித் துகள். ஒரு தலைமுடியின் குறுக்கே பத்தாயிரம் துகளை வரிசையாக நிறுத்தலாம். ஒவ்வொன்றும் ஒரு காந்தக் குட்டி. அதன் மேல் மருந்தைத் தடவி உடம்புக்குள் விட்டு, வெளியே காந்தத்தைக் காட்டி, நோய் இருக்கிற இடத்துக்கு இழுத்துப் போகலாம் என்று உலகம் முழுக்க முயற்சி செய்கிறார்கள். வில்லங்கம் பச்சை உப்பில்தான். காற்றுப் பட்டால் அது மஞ்சளாகிவிடும். கணக்குத் தவறினால் கறுப்பு வராது, துருத்தண்ணீர்தான் வரும். அதற்காக எல்லோரும் நைட்ரஜன் சிலிண்டர் வைத்துக் காற்றை விரட்டுவார்கள். எங்கள் ஆய்வகத்துச் சிலிண்டர் காலியாகி யுகமாகிறது. செண்பா சிலிண்டர் இல்லாமலே செய்தாள். கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

"அவளுக்குக் கைராசி" என்றாள் அம்மா. எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

முதல் தடவை. கட்டுரையில் எழுதியிருந்தபடி, அவள் பாட்டிலில் மிச்சமிருந்த பச்சைக் கரைசலையே எடுத்தேன். அம்மோனியா விட்டதும் கறுத்தது. பத்து நிமிடத்தில் காப்பிப்பொடி நிறத்துக்குப் போய்விட்டது. காந்தத்தைக் காட்டினால் பாதி வருகிறது, பாதி வேண்டா வெறுப்பாக நிற்கிறது. முதல் தடவை யாருக்கும் வராது.

செப்டம்பர் 20, வெள்ளி

இரண்டாம் தடவை. இன்னும் மோசம். புகைபோக்கியின் விசிறி வேறு ஓடவில்லை. அம்மோனியா, கண், மூக்கு. சீக்கிரமே அறைக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

அவள் கரைசலை நம்பிப் பயனில்லை என்று உப்பு டப்பாவைத் திறந்து புதிதாகக் கரைத்தேன். டப்பாவில் உப்பே ஓரமெல்லாம் மஞ்சள். புது டப்பாவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. அது மூன்று கையெழுத்து தாண்டி வருவதற்குள் விடிந்துவிடும். விளைவு: மிளகு ரசம். காந்தத்தை ஒட்டி வைத்தாலும் அசையவே இல்லை.

சார் கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "நீங்க அவ கூடவே இருந்தவங்க, அதான் கேக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க. இது நிஜமா வந்ததா?"

"நான் கண்ணால பாத்திருக்கேன் சார்."

"துகளப் பாத்தீங்களா, செய்றதப் பாத்தீங்களா?"

துகளைப் பார்த்திருக்கிறேன். செய்யும்போது எனக்கு என் வேலை இருந்தது. யார் யாரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ஆனாலும் செத்தவளைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்க அந்த மனுஷனுக்கு எப்படி வாய் வந்தது? "அவ பொய் சொல்ற ஜாதி இல்ல சார்" என்று மட்டும் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. தராசு, அடுப்பு, கலக்கி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். வருடா வருடம் என் மேசைக்கும் சேர்த்து வைப்பது செண்பாதான். "உங்க மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்பாள். இந்த வருடம் நானே வைத்தேன். அவள் பழுப்பு பாட்டிலுக்கும் ஒரு பொட்டு.

அவள் அப்பா பஸ் பார்சலில் அவள் போட்டோவைச் சட்டம் போட்டு அனுப்பியிருந்தார், ஆய்வகத்தில் மாட்டுவதற்கு. கூடவே செய்தித்தாளில் ஒரு பொட்டலம் ஆணி. கடைக்காரர் புத்தி எங்கே போகும். ஆனால் இங்கே சுவர் முழுக்க டைல்ஸ். ஓட்டை போட வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்து ஆள் வர வேண்டும். போட்டோவை அடுப்புக்கு மேலே பலகையில் சாய்த்து வைத்தேன். பொட்டலம் டிராயரில் இருக்கிறது. போட்டோவில் அவள் புடவை கட்டியிருக்கிறாள். பார்த்தால் யாரோ மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 18, வெள்ளி

இதுவரை ஒன்பது தடவை. ஒன்பதும் துரு.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. என் டிராயரில் அவள் செய்த கறுப்புத் திரவம் ஒரு சின்னக் குப்பி இருக்கிறது. ஏப்ரலில் செய்தது, பிறந்த நாளுக்கு எனக்குக் கொடுத்தாள். எல்லோரும் கேக் வாங்கித் தருவார்கள், இவள் இதைத் தந்தாள். இன்னும் படியவில்லை. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் மொத்தத் திரவமும் கண்ணாடிச் சுவரில் ஏறி முள்முள்ளாய் நிற்கிறது. அதையே எடுத்து, நான் இன்று செய்தது என்று அளக்கக் கொடுத்தால் போதும். யாருக்குத் தெரியும். கல்லில் பெயர் வெட்டிவிடலாம்.

குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் செய்தது உண்மை என்று காட்டத்தான் இத்தனை பாடும். அதை ஒரு பொய்யால் காட்டினால், சார் கேட்ட கேள்விக்கு நானே இல்லை என்று பதில் சொன்ன மாதிரி. திரும்ப டிராயரில் வைத்துப் பூட்டினேன். கைராசி என்று அம்மா சொன்னது சரிதானோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஹாஸ்டலில் நாலைந்து பேர்தான். வருடா வருடம் இன்றைக்குக் கோவில்பட்டியில் அவள் வீட்டில் இருப்பேன். அவள் அம்மா என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டு, "வேதக்காரப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ச்ச புண்ணியம் எனக்கு" என்று சிரிப்பார். இந்த வருடம் அவர்களுக்குப் பண்டிகை இல்லை.

மெஸ்ஸில் இரண்டு அதிரசம் கொடுத்தார்கள். ஒன்றைத் தின்றேன். இன்னொன்றை ஏன் தாளில் மடித்து எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 6, புதன்

சார் ஜர்னலுக்கு வாபஸ் கடிதம் எழுதி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அனுப்புவாராம். "அவங்க வீட்டுக்கு நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனை எடுத்தால், அதற்குள் அவள் அப்பாவே கூப்பிட்டுவிட்டார்.

"தாயி, போட்டோவ மாட்டியாச்சா?"

"இல்லப்பா. இங்க சுவர்ல டைல்ஸ் ஒட்டிருக்கு."

"அடடா. அப்ப அந்த ஆணி இறங்காதே. அது சாதா இரும்பு ஆணி தாயி. செண்பாவுக்குன்னு தனியா எடுத்து வச்சிருந்தது, கையில கெடந்துச்சு, அனுப்பிட்டேன். முலாம் பூசினது பளபளன்னு இருக்கு, அத எடுத்துக்கோன்னா கேக்க மாட்டா. சாதா இரும்புதான் வேணும்பா. ஒவ்வொரு தடவையும் ஊருக்கு வந்துட்டுப் போறப்ப ஒரு பிடி அள்ளி, உப்புத்தாள்ல தேய்ச்சு, பொட்டலம் கட்டிட்டுத்தான் பஸ் ஏறுவா. அப்படி எத்தன படந்தான் மாட்டுவாளோ ஹாஸ்டல்ல."

நான் அவள் பக்கச் சுவரைப் பார்த்தேன்.

"தாயி? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்ப்பா" என்றேன். "அப்புறம் கூப்பிடுறேன்ப்பா" என்றேன்.

ஹாஸ்டல் சுவரில் ஒரு ஆணிகூடக் கிடையாது. இத்தனை வருடத்தில் அவள் அடித்ததே இல்லை.

பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் இது. பச்சை உப்பு காற்றுப் பட்டு மஞ்சளாகும். மஞ்சளானது, கூடவே இரும்பு கிடந்தால், அந்த இரும்பைக் கரைத்துக்கொண்டு மறுபடி பச்சையாகும். ஒரு ஆணி போதும். ஆணி கரையும், உப்பு கெடாது. சிலிண்டரும் வேண்டாம், சீமைச் சாமானும் வேண்டாம். தவறி விழுந்த ஆணி இல்லை அது. அவள் போட்டு வைத்திருந்தாள்.

நான்தான் எடுத்துக் குப்பையில் போட்டேன். அவள் அப்பா அம்மா கண்ணுக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று, இடுக்கியால், பதமாக எடுத்துப் போட்டேன். இரண்டு மாதமாகத் துருவைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். என் சுத்தத்தில் இடி விழ.

நவம்பர் 7, வியாழன்

ஆய்வகத்தைத் திறந்ததும் டிராயரிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். ஒரு ஆணியை உப்புத்தாளில் தேய்த்து, கழுவி, பழுப்பு பாட்டிலில் போட்டேன். கரைசல் டீத்தூள் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. ஆணியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழ் எழுந்தது. மூடி வைத்துவிட்டு, சாரிடம் கடிதத்தை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள் என்று கேட்டேன். காரணம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

நவம்பர் 9, சனி

பச்சை. வெள்ளரிக்காய்த் தண்ணீர் போல வெளிர்பச்சை.

நவம்பர் 11, திங்கள்

இன்று செய்தேன். மஞ்சள் இரண்டு பங்கு. பச்சையை அளந்து சரிபார்த்து ஒரு பங்கு. சொட்டு அம்மோனியா. கறுத்தது. பத்து நிமிடம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று, கறுப்பு கறுப்பாகவே இருந்தது. கழுவிக் குப்பியில் ஊற்றிக் காந்தத்தைக் காட்டினேன். எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து சுவரில் ஏறியது. டிராயரிலிருந்து அவள் குப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது அவளுடையது, எது என்னுடையது என்று சொல்ல முடியவில்லை.

"வந்துருச்சுட்டி" என்று சத்தமாகவே சொன்னேன். ஆய்வகத்தில் யாரும் இல்லை. அடுப்புக்கு மேலே புடவை கட்டின போட்டோ மட்டும் இருந்தது.

நவம்பர் 15, வெள்ளி

அளவுகள் வந்தன. அவள் எண்களுக்கும் என் எண்களுக்கும் ஒரு மயிரிழைதான் வித்தியாசம். சாரிடம் கொடுத்துவிட்டு ஆணியைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எழுதியிருந்தா" என்றார்.

"என்ன சார்?"

"முதல் வரைவுல எழுதியிருந்தா. பச்சைக் கரைசல்ல ஒரு ஆணி போட்டு வைக்கணும்னு. நான்தான் அடிச்சேன். இது ஆய்வுக் கட்டுரையா, ஹார்டுவேர் கடையான்னு கேட்டேன். ஏதோ வச்சுக்கிற முறைதானேன்னு நெனச்சேன். அவ ஒண்ணும் சொல்லல. சிரிச்சா." கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "அப்பறம் எனக்கு மறந்தே போச்சு ஜெசிந்தா."

செண்பா இதை என்னிடம்கூடச் சொன்னதில்லை. கடையைச் சொன்னால் அவளுக்கு முகம் சுருங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். அப்பா தொழிலை யாராவது இளக்காரமாகச் சொன்னால் சண்டை போட மாட்டாள். சிரித்துவிட்டு, பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டாள்.

எனக்கு சார் மேல் ஆத்திரம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. அவர் தாளிலிருந்து எடுத்தார், நான் பாட்டிலிலிருந்து எடுத்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

ஆணியைச் சேர்க்க ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டிருந்தோம், கொடுத்தார்கள். இன்று செய்முறைப் பகுதியைத் திருத்தி எழுத உட்கார்ந்தோம். சார் 'தூய இரும்புக் கம்பி' என்று போடலாம் என்றார்.

"கம்பி இல்ல சார். ஆணி."

"ஆணின்னு போட்டா..." என்று ஆரம்பித்து, அவரே நிறுத்திக்கொண்டார். "சரி. ஆணி."

செய்முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் அடைப்புக்குறிக்குள் எங்கே வாங்கியது என்று போட வேண்டும். கம்பெனி பெயர், ஊர் பெயர். இது ஜர்னலின் சட்டம். மஞ்சள் உப்புக்கு மும்பைக் கம்பெனி. பச்சை உப்புக்கு ஜெர்மனிக் கம்பெனி. ஆணிக்கு என்ன போடுவது என்று சார் என்னைப் பார்த்தார். நான் தட்டச்சு செய்துவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினேன். படித்தார். அனுப்பிவிடுங்கள் என்றார்.

டிசம்பர் 20, வெள்ளி

ஏற்றுக்கொண்டார்கள்.

அவள் பெயர் முதலில். இறந்தவர் என்று காட்ட, பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போடுவார்களாம். பார்த்தால் குட்டிச் சிலுவை. கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் பேரை வைத்துக்கொண்டிருக்கிறவளுக்குச் சிலுவை. உயிரோடு இருந்தால், "என்னடி, கடைசியில என்ன உங்க சபையில சேத்துட்ட" என்று விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது, போய் முகம் கழுவினேன்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். "அப்ப ஆயிரும்ல?" என்றார். "ஆயிரும்ப்பா" என்றேன். பின்னால் அவள் அம்மா அழுகிற சத்தம் கேட்டது.

ஜனவரி 3, வெள்ளி

அவள் கட்டிலுக்குப் புதுப்பெண் வந்துவிட்டாள். பாவம், நல்ல பிள்ளை. காலண்டரை நான்தான் கழற்றினேன். கழுகுமலைப் போட்டோ என் பைபிளுக்குள் இருக்கிறது.

ஜூன் 21, சனி

பட்டத்தை வாங்க அப்பா தனியாக வந்திருந்தார். அம்மாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்வதில்லையாம். சார் எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தார். டாக்டர் சு. செண்பகவல்லி என்று படித்துவிட்டு அப்பா அதை மடிக்கப் பார்த்தார். மடிக்கக் கூடாது என்று நான் உறையில் போட்டுக் கொடுத்தேன். "நாளைக்குக் கல்லு வெட்ட ஆள் வருது" என்றார்.

கட்டுரையின் அச்சுப் பிரதியையும் கொடுத்தோம். இங்கிலீஷ். அவர் புரட்டிக்கொண்டே போனார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினேன். கடை பில்லில் படித்துப் பழகியிருப்பதால் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். இரும்பு ஆணி. செண்பகவல்லி ஹார்டுவேர்ஸ், கோவில்பட்டி.

"நம்ம கடையா?"

"ஆமாப்பா. உலகம் பூரா படிப்பாங்க. செஞ்சு பாக்கணும்னு நெனக்கிறவங்க எல்லாம் இத வாசிச்சாகணும்."

"அவ பொறந்த வருசம் தொறந்தது" என்றார். சட்டைப் பையிலிருந்த டேப் அளவுகோலை எடுத்துத் திரும்பத் திரும்ப இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு போட்டோவைப் பார்த்துவிட்டார். இன்னும் அடுப்புக்கு மேலே பலகையில்தான் சாய்ந்திருக்கிறது. "அனுப்பின ஆணி அப்படியே கெடக்கா தாயி?"

பழுப்பு பாட்டிலை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். அடியில் ஆணி மெலிந்து கிடந்தது.

"கரையுதே."

"கரையணும்ப்பா. அது கரைஞ்சாத்தான் இது கெடாம இருக்கும். செண்பா கண்டுபிடிச்சது."

"தீந்து போச்சுன்னா?"

"வேற போடணும்."

அவர் ரொம்ப நேரம் பாட்டிலைப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்த மஞ்சள் பையைத் துழாவி ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். போட்டோ மாட்ட வேறு ஆணி வேண்டியிருக்குமோ என்று எடுத்து வந்தாராம். "தீரத் தீரச் சொல்லு தாயி. அனுப்புறேன். நான் இருக்கிற வரைக்கும் அனுப்புறேன்."

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்து ஒரு ஆணியைத் தேய்த்துப் பாட்டிலில் போட்டு மூடினேன். சனிக்கிழமை, ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தேன். சாய்ந்துகொள்ளக்கூட ஒன்றுமில்லை. கண்ணில் தண்ணீர் நிற்கவே மாட்டேன் என்கிறது. அம்மோனியா பாட்டிலை இன்று யாரும் திறக்கவில்லை.